பின்னால் வருகிறவர்கள்



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விடயம் ஓர் இலக்கிய நிகழ்ச்சிக்குப் பொருத்தமானதுதானா என்று உங்களில் சிலர் யோசிக்கக்கூடும். யாழ்ப்பாணத்திலே நாற்பது வருடம் கார் ஓடிய ஒருவர், அறுபத்திரண்டாவது வயதில் கனடாவுக்குப் போய், அங்கே லைசென்ஸ் எடுத்த கதை இது. அவர் என்னுடைய தகப்பனார்.

தமிழ்நாட்டிலே 'ஓட்டுநர்' என்று சொல்கிறார்கள். நாங்கள் இலங்கையிலே 'சாரதி' என்கிறோம். பார்த்தனுக்குத் தேர் ஓட்டியபடியால் கண்ணனுக்குப் பார்த்தசாரதி என்று பெயர் வந்தது. அந்தப் பெரிய சொல்லை நாங்கள் பஸ் ஓடுகிறவருக்கும் லொறி ஓடுகிறவருக்கும் உழவு இயந்திரம் ஓடுகிறவருக்கும் தாராளமாகக் கொடுத்துவிட்டோம். கொக்குவிலிலே ஒரு பழைய ஒஸ்ரின் ஏ-40 காரை வாடகைக்கு ஓடிய என் ஐயாவுக்கும் அது கிடைத்தது.

அந்தக் கார் 1950களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் செய்யப்பட்டது. சோமசெற் என்று சொல்லுவார்கள். கியர்த் தடி நிலத்தில் இராது. ஸ்டியரிங்குக்குக் கீழே, இடது கைப் பக்கம் இருக்கும். ஐயா லைசென்ஸ் எடுத்தது 1957இல். ஊரிலே கலியாணமென்றால் மாப்பிள்ளை ஏறுவது அந்தக் காரில்தான். நடுச்சாமத்தில் ஒருத்திக்கு வயிற்றுக்குத்து என்றால் படலையில் வந்து கூப்பிடுவதும் ஐயாவைத்தான். 1990இல் பொருளாதாரத் தடை வந்து பெற்றோல் இல்லாமற் போனபோது, மற்ற எல்லாரையும் போல அவரும் நாலு சொட்டுப் பெற்றோலில் எஞ்சினைக் கிளப்பி, மண்ணெண்ணெயில் ஓடினார். புகை மண்டும். ஆனாலும் கார் ஓடியது.

நான் 1989இலேயே ரொறன்ரோவுக்குப் போய்விட்டேன். அங்கே 1992இல் லைசென்ஸ் எடுத்தேன். அந்த நாளில் பழகுநர் பத்திரத்தை '365' என்றுதான் சொல்லுவார்கள். ஒரு வருடம் செல்லுபடியாகும். முதற்தரம் நான் பெயில். 'ஸ்டொப்' பலகையில் சில்லு முற்றாக நிற்கவில்லையாம். இளம் வயது, வெட்கப்பட நேரமில்லை. அடுத்த தரம் எடுத்துவிட்டேன். ஐயாவின் கதை அப்படியல்ல.

ஐயாவும் அம்மாவும் வந்து சேர்ந்தது 1998இல். வந்த நாள் தொடக்கம் ஐயா எங்கள் அடுக்குமாடி வீட்டுச் சன்னலோரம் கதிரையைப் போட்டுக்கொண்டு, கீழே போகிற வாகனங்களையே பார்த்துக்கொண்டிருப்பார். மூன்றாம் கிழமை ஒரு நாள் கேட்டார்.

"தம்பி, இஞ்சை லைசென்ஸ் எடுக்க என்ன செய்யோணும்?"

"ஏனய்யா? நான் இருக்கிறன், தம்பி இருக்கிறான். எங்கை போறதெண்டாலும் சொல்லுங்கோவன்."

"கோயிலுக்குப் போறதுக்கும் உங்கடை முகத்தைப் பாத்துக்கொண்டு இருக்கச் சொல்லுறியே?"

அதற்குமேல் நான் பேசவில்லை. ஊரெல்லாம் தன் காருக்குக் காத்திருந்த காலத்தைப் பார்த்த மனிதர் அவர். மகன் வேலையால் வரும்வரை சப்பாத்தைப் போட்டுக்கொண்டு கதவடியில் காத்திருப்பது அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

நான் எடுத்த காலத்து முறை அப்போது மாறிவிட்டது. 1994 ஏப்ரல் 1ஆம் திகதியிலிருந்து ஒன்ராறியோ மாகாணத்தில் படிப்படியான அனுமதி முறை வந்தது. முதலில் கண் பார்வை, எழுத்துப் பரீட்சை, அது ஜி-1. பிறகு ஒரு வீதிப் பரீட்சை; அது ஜி-2. அதன்பின் பெருந்தெருவிலும் ஓடிக்காட்டுகிற கடைசிப் பரீட்சை. அதுதான் முழு ஜி. ஜி-1 வைத்திருப்பவர் தனியே ஓட முடியாது. நாலு வருட அனுபவமுள்ள, முழு லைசென்ஸ் உள்ள ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். அதாவது, எனக்கு ஸ்டியரிங் பிடிக்கக் காட்டித் தந்த ஐயாவுக்குப் பக்கத்தில், அவர் பிழை விடாமல் பார்த்துக்கொள்ள நான் இருக்க வேண்டும்.

எழுத்துப் பரீட்சையைத் தமிழிலும் எழுதலாம். வீதிக் குறியீடுகளில் இருபது கேள்வி, விதிகளில் இருபது கேள்வி. ஒவ்வொன்றிலும் பதினாறு சரியாக வேண்டும். ஐயா கைநூலைத் தேவாரம் பாடமாக்குகிற மாதிரிப் பாடமாக்கினார். பாடசாலை பஸ் சிவப்பு விளக்கை மின்னவிட்டால் பின்னால் வருகிற வாகனம் மட்டுமல்ல, எதிரே வருகிறதும் நிற்க வேண்டும் என்ற விதியை அம்மாவுக்கு இரண்டு தரம் வாசித்துக் காட்டினார். "நல்ல சட்டம்" என்றார். அந்தப் பரீட்சையில் முதற்தரமே சித்தி.

அடுத்தது அனுபவம். பிரித்தானியா, ஜெர்மனி, யப்பான் போன்ற சில நாட்டு லைசென்சுகளை அங்கே நேரே மாற்றிக்கொள்ளலாம். இலங்கை அந்தப் பட்டியலில் இல்லை. வேறு நாட்டில் ஓடிய அனுபவத்தில் ஒரு வருடத்துக்கு மேலே கணக்கில் எடுக்க வேண்டுமென்றால், லைசென்ஸ் கொடுத்த நாட்டிலிருந்து உறுதிப்படுத்திய கடிதம் வேண்டும். ஐயாவின் பழைய லைசென்ஸ் இருந்தது. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்துச் சனம் முழுவதும் வெளிக்கிட்டபோது, உறுதிகளோடு சேர்த்து அதையும் சொப்பிங் பையில் சுற்றிச் சேட்டுப் பைக்குள் வைத்திருந்தார். கார்தான் திரும்பி வரவில்லை. கிளச் கருகிச் சாவகச்சேரியில் ஒரு வளவுக்குள் நின்றது நின்றதுதான்.

வெள்ளவத்தையில் இருந்த உறவினர் ஒருவர் அலைந்து கடிதத்தை எடுத்து அனுப்பினார். மூன்று வரிக் கடிதம். இன்ன பெயருடையவர் 1957ஆம் ஆண்டு தொடக்கம் சாரதி அனுமதிப்பத்திரம் உள்ளவர் என்று இருந்தது. ஐயா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைப் பல முறை வாசித்தார். வீடு, வளவு, கார் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த ஒருவருக்கு, தான் முன்பு இன்னாராக இருந்தவர் என்று ஓர் அரசாங்கம் எழுதித் தந்த ஒரே கடதாசி அது.

பிறகு பழக்கம் தொடங்கியது. எங்கள் நாட்டில் வாகனம் இடது பக்கம் போகும். அங்கே வலது பக்கம். எங்களுக்கு ஸ்டியரிங் வலப்புறம், அங்கே இடப்புறம். என்னுடைய காரில் கியர் தானாக மாறும், கிளச் இல்லை. ஐயாவின் இடது கால் இல்லாத கிளச்சைத் தேடி பிறேக்கில் போய் விழும். இடது கை, ஏ-40இன் கியர்த் தடியைத் தேடிக் கதவில் இடிக்கும். ஒருநாள் வலது பக்கம் திரும்ப, பழைய பழக்கத்தில் வலது கையை வெளியே நீட்டினார். வெளியே ஏது? நான் இருந்தேன். என் நெஞ்சில் விழுந்தது அடி. இருவரும் காரை ஓரமாக நிறுத்திவிட்டு விழுந்து விழுந்து சிரித்தோம்.

இன்னொரு தொல்லை ஹோண். யாழ்ப்பாணத்தில் சந்திக்குச் சந்தி ஹோண் அடிப்பது மரியாதை. 'நான் வாறன், பாத்துக் கொள்' என்று சொல்லுவது. ரொறன்ரோவில் ஹோண் அடித்தால் அது ஏச்சு. ஐயா அடிக்க, முன்னால் போகிறவர்கள் திரும்பி முறைப்பார்கள். இலக்கிய நிகழ்ச்சி என்றபடியால் ஒன்று சொல்லுகிறேன். அகநானூற்றின் நான்காம் பாட்டிலே தலைவன் தேரேறி வருகிறான். வழியிலே பூந்தாது உண்ணுகிற வண்டுகள் வெருண்டுவிடும் என்று, தேர் மணியின் நாவைக் கட்டிவிட்டு வருகிறான். இதை நான் ஐயாவுக்குச் சொன்னேன். "அப்ப அந்தக் காலத்திலையே ஒன்ராறியோச் சட்டம் இருந்திருக்குது" என்றார். அதற்குப் பிறகு அவர் ஹோணிலே கை வைத்ததில்லை.

முதலாவது வீதிப் பரீட்சை. அரை மணித்தியாலத்தில் திரும்பி வந்தார். பரீட்சகர் கொடுத்த தாளிலே நிறையப் புள்ளடிகள்.

"தம்பி, நான் என்ன பிழை விட்டனான்? ஒருத்தரிலையும் முட்டேல்லையே."

ஒன்று, தலையைத் திருப்பித் தோளுக்கு மேலாகப் பார்க்கவில்லை. "கண்ணாடியிலை பாத்தனான்" என்றார். கண்ணாடி காட்டாத ஓர் இடம் காரின் பின்பக்கவாட்டில் உண்டு. ஒரு முழுக் காரே அதற்குள் மறைந்து நிற்கும். அதற்குத் தலையைத் திருப்பியே ஆக வேண்டும். மற்றது, 60 கிலோமீற்றர் வேகம் குறித்த வீதியில் 35இல் ஓடியது. வேகமாக ஓடிப் பெயில் விடுவார்கள் என்று தெரியும். மெதுவாக ஓடியதற்கும் பெயிலா? உண்டு. வழமையான போக்குவரத்தைத் தடுக்கும் அளவுக்கு மெதுவாக ஓடக்கூடாது என்று அந்த மாகாணத்து நெடுஞ்சாலைப் போக்குவரத்துச் சட்டத்தில் தனிப் பிரிவே இருக்கிறது.

இரண்டாவது பரீட்சைக்கு முன் ஒரு மாதம் ஓடப் பழக்கினேன். தலை திருப்புவது சரி வந்தது. வேகம் வரவில்லை. நான் "அமத்துங்கோ, அமத்துங்கோ" என்பேன். முள்ளு நாற்பதைத் தொடும். பிறகு தானாக இறங்கிவிடும். இரண்டாவது தரமும் பெயில். அதே காரணம்.

வீட்டுக்கு வருகிற வழியில் எனக்குப் பொறுமை போய்விட்டது. "நாற்பது வருசம் கார் ஓடின மனிசன் இப்பிடி ஆமை மாதிரி ஊர்ந்தால் எவன் லைசென்ஸ் தருவான்?" என்று கத்திவிட்டேன். ஐயா ஒன்றும் சொல்லவில்லை, வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பின் ஆசனத்திலிருந்து அம்மா சொன்னா:

"அவரை ஏசாதை தம்பி. அந்த இரவுக்குப் பிறகு அவருக்குக் கால் அமத்த வராது."

எந்த இரவு என்று நான் கேட்கவில்லை. ஆனால் அந்த இரவைப்பற்றிக் கடிதங்களில் அவர்கள் எழுதியது 'சுகமாக வந்து சேர்ந்தோம்' என்ற ஒரு வரிதான். மிச்சத்தை அன்றைக்குத்தான் அம்மா சொன்னா.

அந்த ஒக்டோபர் இரவு காருக்குள் ஒன்பது பேர். அதிலே ஒருத்தி பிள்ளை பெற்று மூன்று நாள். கொக்குவிலிலிருந்து சாவகச்சேரிக்குப் பத்து மைலுக்குக் கொஞ்சம் கூட இருக்கும். செம்மணிக்கு வந்தபோதே வீதி தெரியவில்லையாம், சனம்தான் தெரிந்ததாம். மழை வேறு. சைக்கிளும் வண்டிலும் ஆடும் மாடும் மனிதருமாக எல்லாம் நாவற்குழிப் பாலம் என்ற அந்த வாசலை நோக்கிப் போயின. ஐயா முதலாம் கியரில், கிளச்சைப் பாதி மிதித்தபடி, அங்குலம் அங்குலமாகக் காரை நகர்த்தியிருக்கிறார். நடக்க முடியாதவர்கள் காரின் மட்காட்டைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். பம்பருக்கு முன்னால் பிள்ளைகளின் கால்கள். களைத்துப்போன கிழவர் ஒருவர் பொனற்றிலே கையை வைத்துச் சாய்ந்தபடியே நடந்தாராம். கால் கொஞ்சம் வழுக்கினால் ஒரு உயிர். பாலத்தைத் தாண்ட விடிந்துவிட்டது. சாவகச்சேரிக்குப் போய்ச் சேர மத்தியானம். கார் அந்த வளவுக்குள் புகுந்தபோது கிளச் எரிந்த மணம் வந்தது. ஐயாவுக்கு இடது காலை நிலத்தில் ஊன்ற முடியவில்லை. ஆனால் ஒருவரின் காலிலும் சில்லுப் படவில்லை.

அந்தப் பயணத்தைப் பதிவதற்கு எந்த நாட்டு விண்ணப்பத்திலும் ஒரு நிரல் கிடையாது. மூன்று வரிக் கடிதத்திலும் அது இல்லை. நான் அவருடைய மகன், எனக்கே தெரியாது.

அடுத்த கிழமை ஐயாவை ஒரு தமிழ்ப் பயிற்றுநரிடம் கொண்டுபோனேன். என்னைவிட இளையவர். நான் அவரைத் தனியே கூப்பிட்டு விடயத்தைச் சொன்னேன். அவர் ஐயாவுக்கு ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. காரை ஒரு பெரிய வீதியின் ஓரத்தில் நிறுத்தி, கண்ணாடியைத் திருப்பி வைத்து, கால் மணித்தியாலம் பின்னால் வருகிற வாகனங்களைப் பார்க்கச் சொன்னார். பிறகு கேட்டார்.

"ஐயா, நீங்கள் முப்பதிலை போறியள். பின்னாலை ஒருத்தன் அறுபதிலை வாறான். அவன் உங்களைக் காணேக்கை என்ன நடக்கும்?"

"அடிச்சுப் பிறேக் போடுவான்."

"அவனுக்குப் பின்னாலை வாறவன்?"

ஐயா பேசவில்லை.

"உங்கடை கவனமெல்லாம் முன்னுக்கு நிக்கிற சனத்திலை. இஞ்சை முன்னுக்குச் சனமில்லை ஐயா. சனமெல்லாம் பின்னாலைதான் வருகுது. அதுகளையும் நீங்கள்தான் பாக்கோணும்."

நேயர்களே, இரண்டு மாதம் நான் 'அமத்துங்கோ' என்று சொல்லியும் நடவாதது அந்த ஒரு சொல்லில் நடந்தது. நான் அவருக்குப் பயத்தை விடச் சொன்னேன். அவரிடம் இருந்ததோ பயமல்ல, பொறுப்பு. அந்தப் பொறுப்பை விட வேண்டாம், அது பார்க்கிற திசையை மட்டும் கொஞ்சம் அகட்டுங்கள் என்று அந்தப் பயிற்றுநர் சொன்னார். புதிய நாட்டில் நாங்கள் தோற்கிற இடங்கள் பலவும் இப்படித்தான் என்று இப்போது நினைக்கிறேன். எங்களுக்குத் தெரியாமல் தோற்பது கொஞ்சம். ஊரிலே உயிர் காத்த பழக்கத்தை அப்படியே கொண்டுவந்து, அது இங்கே வேறொருவருக்கு ஆபத்தாகிறது என்று காணாமல் தோற்பதுதான் அதிகம். விதிகள் இரண்டு நாட்டிலும் வேறு. விதியின் நோக்கம் ஒன்று: வீதியில் நீ தனியே இல்லை.

1999 இலையுதிர் காலத்தில், மூன்றாவது தரம், ஐயா சித்தியடைந்தார். அந்த வெள்ளிக்கிழமையே அம்மாவை ஏற்றிக்கொண்டு கோயிலுக்குப் போனார். எங்களில் ஒருவரையும் கூட வரவிடவில்லை.

பதினெட்டு வருடத்துக்கு மேல் ஓடினார். ஒன்ராறியோவில் எண்பது வயதானால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை போய்க் கண் பார்வை காட்ட வேண்டும். ஒரு வகுப்பில் இருக்க வேண்டும். அந்த நாளில் கடிகார முகம் ஒன்றை வரைந்தும் காட்ட வேண்டியிருந்தது. 2016இல் அதையும் செய்தார். 2018இல் அடுத்த அழைப்பு வந்தபோது கடிதத்தை என்னிடம் நீட்டினார்.

"காணும் தம்பி. கழுத்துத் திரும்புதில்லை. பின்னாலை வாறவனை இனி எனக்குப் பாக்கேலாது."

ஒருவரும் அவரிடமிருந்து பறிக்கவில்லை. தானாகவே கொடுத்தார். மூன்று வருடத்தின் பின் காலமானார்.

இப்போது நான் ஓய்வு பெற்று ஊரோடு வந்துவிட்டேன். பத்தொன்பது வயதில் போனபடியால் எனக்கு இலங்கை லைசென்ஸ் இருந்ததே இல்லை. குறுக்கு வழி ஒன்றும் பாராமல் முதலிலிருந்தே பழகுவோம் என்று முடிவு செய்தேன். மருத்துவச் சான்றிதழ் எடுத்து, என் பேரப்பிள்ளை வயதுப் பெடியங்களோடு இருந்து தமிழில் எழுத்துப் பரீட்சை எழுதினேன். இப்போது 'எல்' பலகை போட்ட காரில் ஓடுகிறேன். எனக்கு இப்போது எல்லாம் மறுபுறம். விளக்குப் போட வேண்டிய இடத்தில் கண்ணாடி துடைக்கிற தடி ஆடுகிறது. பழக்குகிற தம்பி பொறுமைசாலி.

"ஐயா, ஏன் திரும்பித் திரும்பிப் பாக்கிறியள்? கழுத்தெல்லோ நோகும். ஹோணை அடியுங்கோ, அவை விலத்துவினம்" என்கிறார். அவர் சொல்லுவதிலும் நியாயம் உண்டு. இந்த வீதியின் மொழி அது. நானும் அதைத் திரும்பப் பழகவேண்டும்.

போன கிழமை கண்டி வீதியால் சாவகச்சேரிப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். வீதி இப்போது அகலம், நல்ல வழுவழுப்பு. நாவற்குழிப் பாலத்தில் ஏறியபோது என்னை அறியாமல் என் கால் தளர்ந்துவிட்டது. முள்ளு இருபதுக்கு இறங்கியது. இரண்டு பக்கமும் தண்ணீர், முன்னால் ஒருவருமில்லை. பழக்குகிற தம்பி அந்த இரவுக்குப் பிறகு பிறந்தவர்; என்ன நடந்தது என்று விளங்காமல் என்னைப் பார்த்தார்.

கண்ணாடியைப் பார்த்தேன். பின்னால் ஒரு பஸ், நிறையச் சனத்தோடு வந்துகொண்டிருந்தது.

காலை அமத்தினேன்.